வளைவைப் பார்த்து வயது சொல்கிறவர்

ஜப்பானில் எங்கள் பிசென் பக்கத்தில் ஒரு மனித இனம் உண்டு. பெரும்பாலும் ஆண்கள். அறுபதைத் தாண்டிய பிறகுதான் முழு வளர்ச்சி அடைவார்கள். பார்வைக்கு உங்களையும் என்னையும் போலவே இருப்பார்கள். குளிப்பார்கள், சாப்பிடுவார்கள், ரயிலுக்கு வரிசையில் நிற்பார்கள். ஆனால் வளைந்த பொருள் ஏதாவது கண்ணில் பட்டுவிட்டால் போதும், தலை ஒரு பக்கம் சாயும், ஒரு கண் மூடும், மூக்கு வழியாக 'ம்ம்ம்' என்று நீளமாக ஒரு சத்தம் புறப்படும், பிறகு அந்தப் பொருள் எந்தக் காலத்தில் பிறந்தது என்று தீர்ப்பு வரும். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்காமல் வருவதுதான் முதல் அடையாளம்.

இவர்கள்தான் வாளுக்கு வயது சொல்கிறவர்கள்.

எங்கள் ஆற்றங்கரையில் ஒரு காலத்தில் வாள் அடிக்கும் கொல்லர்கள் வீட்டுக்கு வீடு இருந்தார்கள். இப்போது வீட்டுக்கு வீடு வயது சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கொல்லராவது கேட்டால்தான் வாள் அடித்துக் கொடுப்பார்.

இன்னும் அடையாளம் வேண்டுமா? மனைவி டீ கொண்டுவந்து முன்னால் வைத்தால் இவருக்குத் தலை அசையாது. வாளைக் கொண்டுவந்து வைத்தால் நெற்றி பாயில் படும். குழந்தையைத் தூக்கச் சொன்னால் கை வலிக்கிறது என்பார். வாளை இரண்டு கையாலும் ஏந்தி, விளக்குக்கு நேரே நீட்டி, கண்ணை இடுக்கி, சோறு ஆறிப்போகும் வரை நிற்பார். அப்போது வாயில் ஒரு வெள்ளைக் காகிதத்தை மடித்துக் கவ்விக்கொள்வதும் உண்டு, மூச்சும் எச்சிலும் பட்டு இரும்பு துருப்பிடிக்கக் கூடாதே என்று. இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவன் வாளைக் காப்பாற்றக் கண்டுபிடித்தானா, பக்கத்தில் இருக்கிறவர்களைக் காப்பாற்றக் கண்டுபிடித்தானா என்று எனக்கு வெகுநாளாகச் சந்தேகம்.

மாதம் ஒரு முறை இவர்கள் கூடுவார்கள். நடுவர் வாள்களைப் பரப்பி வைப்பார். கொல்லன் தன் பேரைப் பிடிக்குள் போகும் காம்பில்தான் வெட்டியிருப்பான், அந்தக் காம்பை மூடிவிடுவார்கள். வெளியே தெரியும் வளைவையும் நுனியையும் கூர் ஓரத்தில் ஓடும் வெள்ளை அலைக் கோட்டையும் பார்த்து, எந்தக் காலம், எந்தக் கொல்லன் என்று சீட்டு எழுதிப் போட வேண்டும். சரியாகச் சொன்னவர் அடுத்த கூட்டம் வரை பேசிக்கொண்டே இருப்பார். தப்பாகச் சொன்னவர்? அவரும் பேசிக்கொண்டே இருப்பார். "லைட்டு சரியில்ல." "நான் மொதல்ல நெனச்சது அதுதான், அப்புறம் மாத்திட்டேன்." "நான் சொன்னது சரிதான், கொல்லன் தப்பா அடிச்சுட்டான்." தெரியாது என்ற சொல் மட்டும் அந்தக் கூடத்தில் இதுவரை கேட்டதில்லை.

இந்த இனத்தில் முதல்தரமான ஒருவரைக் காட்டுகிறேன். பெயர் குரோசுமி. ஒற்றைப் பிளாட்பார ரயில் நிலையம் ஒன்றில் நிலைய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் அம்மாவும் என் பெரியம்மாவின் நாத்தனாரும் கூடப்பிறந்தவர்கள். குரோசுமி குடும்பத்தில் எல்லாருக்கும் மோவாய் கொஞ்சம் முன்னால் வந்திருக்கும். அவர் தாத்தாவுக்கு அப்படி, சித்தப்பாவுக்கு அப்படி, கோபே நகரத்துக்கு ஓடிப்போன அத்தைக்கும் அப்படி. திருவிழாக் கூட்டத்தில் அந்த மோவாயைப் பார்த்தாலே இது குரோசுமி வீட்டுச் சரக்கு என்று நான் சொல்லிவிடுவேன்.

நிலையத்தைவிட்டு வந்த பிறகும் குரோசுமியை நிலையம் விடவில்லை. அவருக்கு வரலாறு என்றால் ஒரே ரயில் பாதை. ஒவ்வொரு வாளும் ஒரு பயணி, எந்த நிலையத்தில் ஏறியது என்று கண்டுபிடித்துவிட வேண்டும். பொதுக் குளியல் வீட்டில் வெந்நீர்த் தொட்டிக்குள் யாராவது வெளியூர்க்காரர் இறங்கிவிட்டால் குரோசுமியின் முகம் மலர்ந்துவிடும். துணி இல்லாத மனிதன் எங்கே ஓடுவான்?

"சார், ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முந்தி, நாரா காலத்துல வாள் எப்படி இருந்துச்சு? குச்சி! நேரா குச்சி! குத்தலாம், வெட்ட வராது. அடுத்து வருவது ஹெய்யான். மனுஷன் குதிரை மேல ஏறிட்டான். குதிரை மேலேருந்து வீசணும்னா வளைவு வேணுமா, வேணாமா? எங்க வளையுது? இடுப்புல! பிடிக்குப் பக்கத்துல வளைஞ்சு அப்புறம் நுனி வரைக்கும் ஒல்லியா, நல்ல குடும்பத்துப் பொண்ணு மாதிரி. அடுத்து வருவது கமகுரா. உடம்பு அகலமாச்சு, நுனி காட்டுப்பன்னிக் கழுத்து மாதிரி குட்டையாச்சு, வளைவு நடுவுக்கு நகந்துச்சு. அடுத்தது நான்போக்குச்சோ. யாருக்கும் அளவு தெரியாத காலம் சார்! ஆளைவிட நீளமா வாள். தூக்கிட்டு வர ஒருத்தன், உருவி விட ஒருத்தன், வெட்டுறதுக்குள்ள எதிரி வீட்டுக்குப் போயிருவான். அடுத்து முரோமாச்சி. எல்லாரும் குதிரையிலிருந்து இறங்கவும். தரையில நின்னு சண்டை. சின்ன வாள், கூர் மேல பாக்க இடுப்புல செருகிக்கிட்டான், உருவினா அப்படியே வெட்டு. கூர் கீழ பாக்கத் தொங்குனா அது தாச்சி. மேல பாக்கச் செருகினா கத்தானா. அந்தப் பெரிய பெரிய தாச்சியை எல்லாம் காம்புப் பக்கம் அறுத்து, கொல்லன் பேரோட தூக்கி எறிஞ்சுட்டு, திருப்பிச் செருகி கத்தானான்னு சொல்லிட்டானுங்க. அடுத்து எடோ. சண்டையே இல்ல. மூங்கில் குச்சியில பயிற்சி. குச்சி நேரா இருக்கா, வாளும் நேராயிடுச்சு. அதுதான் கன்புன் வருஷத்து வாள். வளைவே கிடையாது, உசுரும் கிடையாது. கடைசியா மேய்ஜி. வாள் கட்டவே தடை. கடைசி நிலையம். வாள் வைத்திருப்பவர்கள் எல்லாரும் இறங்கவும்."

வெளியூர்க்காரர் அதற்குள் நண்டு நிறத்துக்கு வெந்திருப்பார்.

குரோசுமிக்கு ஒரு மந்திரம் உண்டு. "வளைவு பொய் சொல்லாது." மனிதன் பொய் சொல்வான், உறை பொய் சொல்லும், பேர்கூடப் பொய்யாக வெட்டுவார்கள், வளைவு மட்டும் சொல்லாது. இதை அவர் வாளோடு நிறுத்திக்கொண்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. மனைவி ஹட்சுயே இலையுதிர் காலத்தில் கோலா மீன் சுட்டு வைப்பார். "ம்ம்ம். ஒல்லி. நுனி சின்னது. ஹெய்யான் கடைசி." வெள்ளரிக்காய் முரோமாச்சி. பக்கத்து வீட்டுப் பூனையின் வால் நான்போக்குச்சோ, அளவுக்கு மீறிய நீளம். ஒரு நாள் ஹட்சுயே முதுகு வலியோடு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். குரோசுமி வாசற்படியில் நின்று தலையைச் சாய்த்தார்.

"வளைவு நடுவுக்கு வந்துடுச்சு ஹட்சுயே. அகலமும் கூடியிருக்கு."

"என்னங்க, இன்னிக்கு மீன் நீங்களே சுட்டுக்குங்க."

கன்புன் என்பது மட்டும் அவர் வாயில் திட்டு. வங்கிக்காரன் கன்புன். புது நெடுஞ்சாலை கன்புன். நேராக, விறைப்பாக, கதை ஏதும் இல்லாமல் இருக்கிற எல்லாமே கன்புன்.

இந்தக் கன்புன்தான் அவர் மகள் சிஹாருவின் கல்யாணத்தில் வந்து படுத்துக்கொண்டது. முதல் சம்பந்தம் வடக்கே மலைப்பக்கத்துச் சாராய ஆலைக் குடும்பம். அவர்கள் வீட்டு வரவேற்பறையில் ஒரு வாள் மேடையில் இருந்தது. பதினெட்டுத் தலைமுறைக்கு முன்னால் ஒரு பிரபு கையால் கொடுத்ததாம். குரோசுமி டீயைக்கூடத் தொடவில்லை. எழுந்து போனார், ஏந்தினார், பார்த்தார். "கன்புன். உங்க பிரபு செத்து நூறு வருஷம் கழிச்சுப் பொறந்தது." அந்த வீட்டு டீ அதற்குமேல் ஆறவேயில்லை, அப்படியே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

இரண்டாவது மாப்பிள்ளை வீட்டில் நல்லவேளையாக வாளே இல்லை. பள்ளி ஆசிரியர், ஒழுங்கான பையன். உள்ளே வந்து இடுப்பை மடித்துக் கும்பிட்டான். குரோசுமி பக்கவாட்டில் இருந்து பார்த்தார். ஒரு கண் மூடியது. மனைவிக்கு மட்டும் கேட்கும்படி என்று நினைத்துக்கொண்டு, பிளாட்பாரம் முழுக்கக் கேட்கும் குரலில், "பாத்தியா, இடுப்புல வளைவே இல்ல, குச்சி" என்றார். பையன் நிமிர்ந்தான். நிமிர்ந்தவன் அப்படியே திரும்பி நடந்தான். அதுவும் நேராகத்தான் நடந்தான்.

மூன்றாவதை சிஹாரு தானே தேடிக்கொண்டாள். அவளுக்கு ஹினாசே துறைமுகத்தில் படகுச் சீட்டுக் கொடுக்கும் வேலை. அங்கே சிப்பித் தெப்பம் வைத்திருக்கும் மிசோபுச்சி என்பவரின் மகன் தெப்பேய், தீவுக்குப் போகவேண்டிய வேலை எதுவும் இல்லாமல் தினமும் தீவுக்குச் சீட்டு வாங்கினான். பையனுக்கு அம்மா இல்லை. அப்பாவின் அக்கா, தோயோ அத்தை, சிப்பி உடைக்கும் கொட்டகையில் வைத்து வளர்த்த பிள்ளை. அந்த அத்தை தலையாட்டினால்தான் எதுவும் நடக்கும். பெண் பார்க்க மூன்று பேரும் வருகிறார்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். கூடவே இன்னொன்றும் சொல்லி அனுப்பினார்கள். சம்பந்திக்கு வாள் பற்றி எல்லாம் தெரியுமாமே, எங்கள் வீட்டு வாளையும் எடுத்து வருகிறோம்.

சிஹாரு அப்பாவின் எதிரே வந்து மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"அப்பா, அவங்க முன்னோர் எண்ணூறு வருஷத்துக்கு முந்தி கடல் சண்டையில படகு மேல நின்னு வச்சிருந்த வாளாம் அது. அப்படித்தான் தெப்பேயோட அப்பா சொல்லிக்கிட்டிருக்காரு. நீங்க என்ன சொல்லணும்?"

"நான் பாத்துட்டு..."

"நல்லதுன்னு சொல்லணும். அவ்வளவுதான். இந்தத் தடவை வாயைத் தொறந்து ஒரு காலத்தோட பேரைச் சொன்னீங்கன்னா, கல்யாணத்துக்கு உங்களுக்கு அழைப்பு கிடையாது."

"என்னடி இது, பொண்ணு கல்யாணத்துக்கு அப்பனுக்கு அழைப்பு இல்லையா?"

"அப்பாவுக்கு உண்டு. வயசு சொல்றவருக்குக் கிடையாது. ரெண்டு பேர்ல யார் வரணும்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க."

குரோசுமியின் மோவாய் கொஞ்சம் உள்ளே போனது. அந்தக் குடும்பத்தில் அது அபூர்வம்.

பயிற்சி தொடங்கியது. ஹட்சுயே சாப்பாட்டின் நடுவே ஒரு வாழைப்பழத்தைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைப்பார். குரோசுமியின் தலை தானாகச் சாயும், ஒரு கண் இறங்கும், நெற்றியில் வேர்வை அரும்பும். "ந... நல்லது." வெற்றிதான். ஆனால் சற்று நேரம் கழித்துக் கழிவறைக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு முனகல் கேட்கும். "நான்போக்குச்சோ... நடுக்காலம்."

கடைசியில் ஹட்சுயேதான் வழி கண்டுபிடித்தார். "என்னங்க, காகிதத்தைக் கவ்விக்கிட்டே வாளைப் பாருங்க. உறைக்குள்ள போற வரைக்கும் எடுக்காதீங்க. அவங்களும் அட எவ்வளவு மரியாதைன்னு நெனச்சுப்பாங்க." நல்ல கெட்டிக் காகிதமாகப் பார்த்து நாலாக மடித்துக் கொடுத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தார்கள். மிசோபுச்சி உப்புக் காற்றில் பழுத்த பெரிய உடம்பு. ஒரு தோளில் சிப்பி மூட்டை, மறு தோளில் துணி சுற்றிய வாள். தெப்பேய் காலுறையில் ஓட்டை இருப்பதை வாசலில்தான் கவனித்தான், உட்காரும் வரை ஒரு காலை இன்னொரு காலால் மறைத்தபடியே நடந்தான். தோயோ அத்தை குள்ளமாக, சிப்பி ஓடு மாதிரி கெட்டியாக வந்து உட்கார்ந்து, தட்டில் வைத்த தினை உருண்டையை எடுத்து வாயில் போட்டு, சிஹாருவை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "சிப்பி உடைக்கத் தெரியுமா?" "கத்துக்கறேன் அத்தை." "கை கிழியும்." "பரவாயில்ல." அத்தை இன்னொரு உருண்டை எடுத்தார். அது நல்ல அறிகுறி என்று தெப்பேயின் முகத்தில் தெரிந்தது.

பிறகு வாள்.

குரோசுமி நெற்றியைப் பாயில் வைத்துக் கும்பிட்டார். காகிதத்தைக் கவ்வினார். உறையிலிருந்து மெதுவாக உருவினார். மனதுக்குள் எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் இருந்தார், பாவம். கடல் சண்டை என்று சொல்லிக்கொண்டு வருகிற வாள் எல்லாம் கன்புன்தான், அது அவர் அனுபவம். நேராக ஒரு குச்சி வெளியே வரப்போகிறது, அதை விழுங்கப் போகிறோம், வாழைப்பழத்தையே விழுங்கினோமே என்று நினைத்துக்கொண்டு உருவினால்...

வளைவு.

பிடியைத் தாண்டியதும் வளைவு. ஆழமான, தாராளமான இடுப்பு வளைவு, அதற்குப் பிறகு ஒல்லியாக ஓடி நுனியில் சின்னதாக முடிந்தது. மாதாந்திரக் கூட்டத்துக்குக்கூட வராத, அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிக்குள் மட்டுமே அவர் பார்த்திருந்த இடுப்பு அது. இவர்கள் சொன்னது உண்மை! அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக உண்மையும் மரியாதையும் ஒரே பிளாட்பாரத்தில் வந்து நின்றன. ஓரத்து வெள்ளை அலை மட்டும் கொஞ்சம் மங்கலாக, தூங்கி வழிந்தது. வேறு நாளாக இருந்தால் அதைப் பார்த்து அவர் மூக்கு ஒரு சத்தம் போட்டிருக்கும். எண்ணூறு வயதில் யார்தான் தூங்கி வழியமாட்டார்கள் என்று விட்டுவிட்டார்.

காகிதம் நனைந்தது. சிஹாரு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். குரோசுமி மகளைப் பார்த்தார், வாளைப் பார்த்தார், மறுபடி மகளைப் பார்த்தார். காலத்தின் பேரைச் சொல்லக் கூடாது என்றாள். ஆனால் அவமானப்படுத்துகிற பேரைத்தானே சொல்லக் கூடாது? சந்தோஷப்படுத்துகிற பேரைச் சொன்னால் என்ன? நிலைய அதிகாரி தாமே ஒரு புது விதி போட்டுக்கொண்டார். காகிதம் அவர் மடியில் விழுந்தது.

"ஹெய்யான்!"

சிஹாரு கண்களை மூடிக்கொண்டாள்.

"ஹெய்யான் கடைசி! சம்பந்தி, இது தாச்சி! குதிரை மேலேருந்து வீசுன வாள். இந்த இடுப்பைப் பாருங்க! இந்த வளைவைப் பாருங்க! நீங்க சொன்னது அப்படியே உண்மை. கடல் சண்டைதான். வேற எதுவுமே இல்ல!"

மிசோபுச்சியின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "நான் சொல்லல? தெப்பேய், நான் சொல்லிக்கிட்டே இருந்தேனா இல்லையா?" தெப்பேய் சிரித்தான். ஹட்சுயே மூச்சுவிட்டார். சிஹாரு ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள், எல்லாரும் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள், இரண்டாவது கண்ணையும் திறந்தாள்.

தோயோ அத்தைக்குத் தினை உருண்டை தொண்டையில் மாட்டிக்கொண்டது. தெப்பேய் முதுகில் தட்டினான். இருமல் இல்லை, சிரிப்பு என்று அப்புறம்தான் தெரிந்தது.

"குதிரை மேலயா? எங்க வீட்டுல குதிரை ஏது தம்பி, கழுதைகூடக் கெடையாது. அந்த வளைவு ஹிராமத்சு பண்ணது."

"ஹிராமத்சுவா?" குரோசுமியின் தலை சாய்ந்தது. "அப்படி ஒரு கொல்லர் பேர் பழைய காலத்துல நான் கேள்விப்பட்டதில்லையே."

"எப்படிக் கேள்விப்படுவீங்க? எங்க தெருக்கோடியில அரிவாள் அடிச்சுக்கிட்டிருந்தான். எனக்குச் சின்ன வயசுல, குளிக்கிற வெந்நீர் அடுப்புலேருந்து தீ பிடிச்சு சமையக்கட்டு எரிஞ்சு போச்சு. இந்தக் கத்தியும் சேந்து வெந்துபோச்சு. நகத்தாலே கீறலாம், அவ்வளவு மெத்துன்னு ஆயிடுச்சு. அப்பா ஹிராமத்சுகிட்ட கொடுத்தார். அவன் பழுக்கக் காய்ச்சி தண்ணித் தொட்டியில விட்டான். நேரா போனது வளைஞ்சு வந்துச்சு. துருத்தி ஊதுனது நான்தான். 'என்னடா ஹிராமத்சு, கத்தியைக் கொடுத்தா அரிவாளைத் தர்றே'ன்னு அப்பா கேட்டார். இன்னும் காதுல இருக்கு."

மிசோபுச்சியின் கண்ணீர் பாதியில் நின்றது. "அக்கா! இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"நீ கேட்டியா? கடல் சண்டைன்னு நீயா ஆரம்பிச்சே. குடிச்சுட்டு நல்லாத்தான் சொல்லுவே. கேக்க நல்லாயிருந்துச்சு, விட்டுட்டேன்."

இந்த இடத்தில் உங்களையும் என்னையும் போன்ற மனிதர் என்ன செய்வார்? சிரித்துவிட்டு டீ ஊற்றுவார். ஆனால் நாம் பேசிக்கொண்டிருப்பது வேறு இனத்தைப் பற்றி. இத்தனை நாள் மற்றவர்கள் பெருமையாகச் சொன்ன வயதைக் குறைத்துச் சம்பந்தத்தை முறித்தவர், இன்று அவர்களே குறைத்துச் சொன்ன வயதைக் கூட்டி முறிக்க எழுந்தார்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. உங்களுக்கு ஞாபகம் பெசகியிருக்கும். அது வேற கத்தியா இருக்கும். இந்த இடுப்பு ஹெய்யானைத் தவிர வேற எங்கேயும் வராது. வளைவு பொய் சொல்லாது."

அத்தை கையிலிருந்த உருண்டையைத் தட்டில் திரும்ப வைத்தார்.

"அப்ப பொய் நான் சொல்றேனா?"

"நான் அப்படிச் சொல்லல..."

"வளைவு சொல்லாதுன்னா இங்க மிச்சம் யாரு? நான்தானே?"

"அக்கா, சம்பந்தி படிச்சவர், கூட்டத்துக்கெல்லாம் போறவர்" என்று மிசோபுச்சி இடையில் புகுந்தார். அவருக்குக் கடல் சண்டையை விட மனமில்லை. "ஒருவேளை நீ அப்ப சின்னப் பிள்ளை..."

"தெப்பேய், கெளம்புடா."

அத்தை ஒரு கையைப் பாயில் ஊன்றினார். முழங்கால் இரண்டும் படகுப் பலகை மாதிரி முனகின. தெப்பேய் சிஹாருவைப் பார்த்தான். ஹட்சுயே சிப்பி மூட்டையைப் பார்த்தார், திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்குமோ என்று. மூன்றாவது ரயிலும் கிளம்பப் போகிறது, குரோசுமி கையில் கொடியோடு நிற்கிற மாதிரி வாளோடு நின்றுகொண்டிருந்தார்.

சிஹாரு மட்டும் குரலை உயர்த்தவில்லை. சீட்டுக் கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் பேசுகிற அதே குரலில் சொன்னாள். "அப்பா, பிடியைக் கழட்டிக் காம்பைப் பாருங்க. கூட்டத்துல கடைசியில அதைத்தானே பாப்பீங்க. அத்தை, அது வரைக்கும் உக்காருங்க."

அத்தை உட்காரவில்லை, ஊன்றிய கையோடு பாதியில் நின்றார். குரோசுமி பிடியிலிருந்த மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்தார். வாளை நிமிர்த்திப் பிடித்து, பிடித்த கையின் மணிக்கட்டில் மறுகை முஷ்டியால் மெல்லக் குத்தினார். பிடி தளர்ந்தது. உருவினார்.

பழைய காம்பின் துரு கருப்பாக, வழுவழுவென்று, நெய் தடவின மாதிரி இருக்கும். இது அடிப்பிடித்த சோறு மாதிரி இருந்தது. பொருக்குப் பொருக்காக, சாம்பல் நிறமாக. பேர் இருந்திருந்தாலும் தீ அதைத் தின்றுவிட்டிருந்தது. ஓரத்து அலை ஏன் தூங்கி வழிந்தது என்று இப்போது அவருக்குத் தெரிந்தது. வளைவு பொய் சொல்லியிருந்தது. அதுவும் அரிவாள் கொல்லன் ஒருத்தன் சொல்லிக்கொடுத்து.

அந்த அறையில் அந்தக் காம்பைப் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். ஹெய்யான் துருதான் என்று சொன்னால் மிசோபுச்சி இன்னொரு தடவை அழுவார், அவர் மந்திரமும் பிழைக்கும். ஆனால் துருத்தி ஊதிய அத்தை பொய்க்காரியாகி வீட்டுக்குப் போவார், தெப்பேயும் பின்னாலேயே போவான். குரோசுமியின் வாய் பழக்கத்தில் தானாகத் திறந்தது.

"லைட்டு..."

சிஹாரு பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே நல்ல வெயில். அறை முழுக்க வெளிச்சம்.

குரோசுமி வாளைக் கீழே துணிமேல் வைத்தார். "அக்கா, நீங்க சொன்னதுதான் சரி. வளைவு ஹிராமத்சுவோடதுதான். நான் சொன்னது தப்பு."

தப்பு. அந்தச் சொல் அந்த வாய்க்குப் புதிது. அளவு சரியில்லாத செருப்பு மாதிரி வெளியே வந்தது. ஹட்சுயே கணவரை யாரோ என்பதுபோலப் பார்த்தார்.

அத்தை பாயில் ஊன்றிய கையை எடுத்தார். முழங்கால்கள் முனகின. உட்கார்ந்துவிட்டார்.

ஆனால் மிசோபுச்சி பெரிய உடம்பெல்லாம் சுருங்கி உட்கார்ந்திருந்தார். எண்ணூறு வருஷம் ஒரே மத்தியானத்தில் போய்விட்டது அவருக்கு. மெதுவாகக் கேட்டார், "அப்ப, தீப்பிடிக்கிறதுக்கு முந்தி? நேரா இருந்தப்ப? அது எந்தக் காலம் சம்பந்தி?"

இதைவிடக் கொடுமையான கேள்வியை உலகத்தில் யாரும் குரோசுமியிடம் கேட்டதில்லை. அவர் வாழ்நாள் முழுக்கக் காத்திருந்த கேள்வி. ஒரு மனிதன், தானாக, பணிவாக, வயது கேட்கிறான்! பதில் நாக்கு நுனியில் வந்து நின்று விசில் ஊதியது. கழுத்து நரம்பு புடைத்தது. மோவாய் முன்னால் வந்தது.

மடியில் அந்தக் காகிதம் கிடந்தது. குரோசுமி அதை எடுத்தார். ஈரமாக, கசங்கி இருந்தது. மடித்தார். வாயில் கவ்விக்கொண்டார்.

"ம்ம்ம்" என்றார்.

"தெரியலையா?"

"ம்ம்."

"அப்ப கடல் சண்டையாவும் இருக்கலாம்?"

குரோசுமியின் தலை ஆடியது. ஆமாம் என்றும் ஆடவில்லை, இல்லை என்றும் ஆடவில்லை, பழைய தண்டவாளத்தில் ரயில் ஆடுவது மாதிரி ஆடியது. மிசோபுச்சிக்கு அது போதுமாக இருந்தது. உடம்பு மறுபடி விரிந்தது. "இருக்கலாம்! ஒரு தடவை தீயில வெந்தும் பொழச்ச வாள்னு சொல்லலாம். கதை இன்னும் நல்லாயிருக்கே!"

தோயோ அத்தை தட்டில் வைத்த உருண்டையை மறுபடி எடுத்தார். "தப்புன்னு சொல்ற ஆம்பளைய இந்த வயசுலதான் பாக்குறேன். தெப்பேய், இந்த வீடு போதும். ஏம்மா, இன்னும் கொஞ்சம் உருண்டை இருக்கா?"

அன்று சாயங்காலம் அவர்கள் போன பிறகு சிஹாரு அப்பாவிடம் கேட்டாள், "ஒரு பேரைச் சொல்லிட்டீங்க. ஞாபகம் இருக்கா? கல்யாணத்துக்கு ரெண்டு பேர்ல யார் வரப்போறாங்க?"

குரோசுமி எழுந்து ஜன்னலுக்குப் போனார். காகிதத்தை விரித்து, வெயில்படும் இடத்தில் காயப்போட்டார்.

கல்யாணப் புகைப்படம் என்னிடமும் ஒன்று இருக்கிறது. பெண் வீட்டார் வரிசையில் எல்லா மோவாயும் முன்னால் வந்து நிற்கின்றன. குரோசுமியின் கோட்டுப் பையில் வெள்ளையாக எட்டிப் பார்ப்பதைக் கைக்குட்டை என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். கேக் வெட்டக் கத்தி கொண்டுவந்தபோது அவர் அதை வாயில் வைத்ததை நான் பார்த்தேன். நீளமான, நேரான கத்தி. நன்றாகக் கடித்துக்கொண்டார்.

இந்தக் கதையைக் குளியல் வீட்டில் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். எல்லாரும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். இப்படியும் ஒரு மனுஷனா என்பார்கள். சிரித்து ஓய்ந்து, தலைமேல் இருக்கும் ஈரத் துண்டைச் சரிசெய்துகொண்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்து, ஒரு கண்ணை மூடிக் கேட்பார்கள், "அதிருக்கட்டும், தீப்பிடிக்கிறதுக்கு முந்தி உண்மையில அது எந்தக் காலத்து வாள்?"

நீங்கள் அப்படிக் கேட்கிற ஆள் இல்லை, எனக்குத் தெரியும். நீங்கள் வேறு இனம். ஆனாலும் அந்த வாள் முன்னே நேராக இருந்தது என்று அத்தை சொன்னாரே, அந்த இடத்தில் உங்கள் மனதுக்குள் ஒரு பேர் ஓடியது, இல்லையா? யாரும் கேட்காமலேயே?

சொல்ல வேண்டாம். இந்தாருங்கள், காகிதம்.